மிஷின் பாடாத மத்தியானம்

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே துணிகள் மிதந்துகொண்டிருந்தன. பாதி அளவுக்குத் தண்ணீர். அதன்மேல் மெல்லிய நுரை. பச்சைச் சேலை ஒன்று கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, குளத்துப் பாசி போல மெதுவாக அசைந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது.

பின்பக்க பால்கனியில் நானும் என் மருமகள் பவித்ராவும் அந்த வட்டக் கண்ணாடிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தோம். எங்கோ மீன் தொட்டி பார்க்க வந்தவர்கள் மாதிரி. கொள்ளிடத்துப் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டே இருந்தது. ஆனி மாதத்தின் கடைசி. ஆடி பிறக்க ஓரிரு நாள்தான் இருந்திருக்கும். எதிர் மொட்டை மாடியில் யாருடைய வேட்டியோ கொடியை விட்டுப் பறந்துவிடப் பார்த்தது. அதற்கு மேலே கோபுரம், அதற்கு மேலே வெள்ளை வானம்.

"அத்தை, இன்னும் பாடவே இல்லையே" என்றாள் பவித்ரா.

துவைத்து முடித்ததும் அந்த வாஷிங் மிஷின் ஒரு சின்னப் பாட்டுப் பாடும். குழந்தைப் பொம்மைக்குள் இருந்து வருகிற மாதிரி ஒரு பாட்டு. பவித்ரா எந்த வேலையில் இருந்தாலும் "பாடிருச்சு" என்று எழுந்து ஓடுவாள். அன்று அது பாடவில்லை. முகப்பில் ஏதோ எழுத்தும் எண்ணும் மட்டும் விட்டு விட்டு எரிந்தன. கதவைப் பிடித்து இழுத்தால் வரவில்லை. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அது திறக்காதாம்.

உள்ளே இருந்தவை பெரும்பாலும் அவளுடைய துணிகள். அவற்றை எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலம் அவள் ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

பெட்டிக்குள் போன சீப்பு

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் என் தையல் மிஷின் வந்த கதையைச் சொன்னேன். இது மருமகளோடு வந்த மிஷின். பவித்ரா மண்ணச்சநல்லூர்ப் பெண். அவளுடைய அப்பா அங்கே ஒரு அரிசி ஆலையில் மேற்பார்வை பார்க்கிறார். கட்டிலும் பீரோவும் சீராக வந்தபோது இதுவும் வந்தது. மாடிப்படி குறுகல் என்பதால் நாலு பேர் சேர்ந்து சாமி தூக்குகிற மாதிரித் தூக்கி வந்தார்கள்.

என் மகன் செந்திலுக்கு மெட்ராஸில் வேலை. மாதம் இரண்டு முறை வருவான். கல்யாணம் முடிந்ததும் அங்கே வீடு பார்த்து அவளைக் கூட்டிப் போவதாகத்தான் பேச்சு. தை போய், பங்குனி போய், சித்திரையும் போனது. "அடுத்த மாசம்மா" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னான். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

கல்யாணமான முதல் வருடம் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். பவித்ராவின் அம்மாவும் அப்பாவும் வந்து, தட்டில் பழமும் புடவையும் வைத்து முறைப்படி அழைத்துவிட்டுப் போனார்கள். "அரை மணி நேர பஸ், நானே வந்துக்கறேன்" என்று அவள் சொல்லிவிட்டாள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பார்க்கிறவர்களுக்கு ஒரு மாதம் போய்விட்டு வருகிற பெண்.

ஆனால் நான் அவளுடைய பெட்டியைப் பார்த்துவிட்டேன். குளியலறை ஜன்னலில் இருந்த அவளுடைய சீப்பு, மருதாணிக் கிண்ணம், அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ஸ்வெட்டர், எல்லாம் உள்ளே போயிருந்தன. கல்யாணப் போட்டோவை ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்தாள். ஆடிக்குப் போகிற பெண் ஸ்வெட்டரையும் போட்டோவையுமா எடுத்துப் போவாள்?

வேறு மாமியாராக இருந்தால் கேட்டிருப்பாள். சண்டையாவது போட்டிருப்பாள். எனக்கு வாய் வரவில்லை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படி. பாலக்கரையில் நாங்கள் இருந்த வரிசை வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே குழாய்தான். அங்கே கூட்டம் சேர்வதற்கு முன்னால் துணி துவைத்து முடித்துவிடுவேன். துவைப்பதில் ஆசை என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆட்களைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதுதான் காரணம். பத்தாவதோடு படிப்பு நின்றபோதும் எனக்குப் பெரிய வருத்தம் வரவில்லை. இனி யாரும் எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்ல மாட்டார்கள் என்று ஒரு நிம்மதி.

ரவிக்கை தைத்துத்தான் செந்திலைப் படிக்கவைத்தேன். அதிலும் அளவு எடுக்க மாட்டேன். "அளவு ரவிக்கை குடுத்துட்டுப் போங்க" என்பேன். அளவு எடுத்தால் பேச வேண்டிவரும். அளவு ரவிக்கை எதுவும் கேட்காது. மடியில் வைத்துக்கொண்டால் அந்தப் பெண் எந்தத் தோளில் பை மாட்டுவாள் என்பது வரைக்கும் அதுவே சொல்லிவிடும்.

என் வீட்டுக்காரர் போய்ப் பல வருடம் ஆகிறது. செந்திலும் வேலைக்குப் போனபிறகு, வீட்டில் தையல் மிஷின் சத்தம்தான். அதற்குள் பவித்ரா வந்தாள். அவள் எல்லாவற்றோடும் பேசுவாள். மிக்ஸியைத் திட்டுவாள். பல்லியிடம் "உனக்கு வேற வேலை இல்லையா" என்பாள். நான் பதில் சொல்லாவிட்டாலும் அவளுக்குக் குறையில்லை. வீடு முழுக்க யாரோ விளக்குப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது.

உறைக்குள் இருந்தது

"சர்வீஸுக்குப் போன் போட்டேன் அத்தை. அடுத்த வாரம்தான் ஆள் வருமாம்" என்றாள். "நான்தான் அதிகமாப் போட்டுட்டேன் போல. என் சேலையோட உங்க தலையணை உறை, போர்வை எல்லாத்தையும் சேத்துப் போட்டேன். போறதுக்கு முன்னாடி துவைச்சு வச்சிட்டுப் போலாம்னு."



"தலையணை உறையா?"

"ஆமா, பூப்போட்ட உறை. ஏன் அத்தை?"

"ஒண்ணுமில்லம்மா."

ஒன்று இருந்தது. அவளுடைய பெட்டியைப் பார்த்த அன்றைக்கே மஞ்சள் தண்ணீரில் துணித்துண்டை நனைத்து, அதில் ஒரு ரூபாய்க் காசை வைத்து முடிந்திருந்தேன். சமயபுரத்தாளுக்கு. வீட்டில் ஏதாவது கஷ்டம் என்றால் இப்படிக் காசு முடிந்து வைப்பதுதான் எங்கள் பழக்கம். காரியம் நடந்ததும் கோயில் உண்டியலில் கொண்டுபோய்ப் போட வேண்டும். சாமி படத்துக்குக் கீழேதான் வைப்பார்கள். ஆனால் அந்த இடத்தை வெள்ளிக்கிழமைதோறும் துடைப்பவள் பவித்ரா. "இது என்ன வேண்டுதல் அத்தை?" என்று கேட்பாள். கேட்டால் நான் என்ன சொல்வது? அதனால் என் தலையணை உறைக்குள் வைத்துவிட்டேன்.

பவி இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது. அதுதான் வேண்டுதல்.

காது கொடுத்துக் கேட்டேன். மிஷின் அடியில் ஒரு முனகல். தண்ணீரை வெளியே தள்ளுகிற பம்ப் சுற்றப் பார்க்கும், நிற்கும், மறுபடி முனகும். எதுவோ அதன் வாயை அடைத்திருந்தது.

அப்போது பவித்ராவின் அம்மா போன் செய்தார்கள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னும் கிளம்பலையாடி?"

"மிஷின் நின்னுபோச்சும்மா. துணியெல்லாம் உள்ள. அடுத்த வாரம் சரி பண்ணிட்டு வரட்டுமா?"

"அதுக்குள்ள ஆடி பொறந்துருமே. ஆடியில எப்படிக் கிளம்புவே? வந்தா இன்னிக்கு, இல்லன்னா நாளைக்கு. அதுக்கப்புறம்னா ஆவணிதான்."

போனை வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். "துணியை அழுக விட்டுட்டுப் போனா உங்களுக்குத்தானே கஷ்டம். மிஷினும் என்னோடது. சரி பண்ணாம விட்டுட்டுப் போனா நல்லா இருக்காது. இருந்துடறேன் அத்தை. ஆவணியில பாத்துக்கலாம்."

சமயபுரத்தாள் என் காசை வாங்கிக்கொண்டாள் என்றே நினைத்தேன். கதவைப் பூட்டி, தண்ணீரை நிறுத்தி, ஆடியைக் காரணம் காட்டி, அவளை எனக்காக நிறுத்திவைத்துவிட்டாள். நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குக் கைவந்த கலை.

காற்றடித்தது. உள்ளே பச்சைச் சேலை ஒரு முறை புரண்டது.

அவன் சொன்ன காரணம்

அவள் பேசாமல் இருப்பது அந்த வீட்டுக்கே புதிது. முழங்காலைக் கட்டிக்கொண்டு கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு துணிகளிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"நீங்களும் என்னை மாதிரிதான். உள்ளேயும் இல்ல, வெளியேயும் இல்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அத்தை, அவர் என்ன சொல்றாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"அம்மா தனியா இருப்பாங்க, யார்கிட்டயும் பேசக்கூட மாட்டாங்க, ஒண்ணுன்னா ஒரு போன்கூடப் போட மாட்டாங்க, நீ கூட இருங்கறாரு. எத்தனை நாளைக்குன்னு கேட்டா பதில் இல்ல. உங்க மேல எனக்குக் கோவமே இல்ல அத்தை, சத்தியமா. ஆனா நான் கல்யாணம் பண்ணிக்கிட்டது அவரைத்தானே?"

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஊருக்குப் போயி அங்கேயே இருந்துடலாம்னு இருந்தேன். அதையும் இந்த மிஷின் கெடுத்துருச்சு" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள்.

கீழே பம்ப் மறுபடியும் முனகியது. அவன் சொன்ன காரணமும் நான் முடிந்து வைத்த காசும் ஒன்றுதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு பேரும் ஒரே பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தோம்.

எழுந்துபோய் என் தையல் பெட்டியை எடுத்து வந்தேன்.

"பிளக்கைப் பிடுங்கு பவி. பெரிய தாம்பாளம் ஒண்ணும் பக்கெட்டும் கொண்டா. பழைய துணி இருந்தா அதையும் எடுத்துட்டு வா."

"நீங்களா அத்தை?"

"பாப்போம்."

கீழேதான் சிக்கியிருக்கும்

தையல் மிஷினை வாங்கின புதிதில் அடிக்கடி சிக்கும். நூல் கொத்தாக மேலே வரும். மெக்கானிக் கடை தென்னூரில். அங்கே எப்போதும் நாலு ஆண்கள் நின்று டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைத் தாண்டிப் போய்ப் பேச எனக்குத் தைரியமில்லை. அதனால் நானே திறந்தேன். சிக்கல் மேலே தெரியும், காரணம் கீழே இருக்கும். அடிநூல் சுற்றிய பாபின் இருக்கிற இடத்தைத் திறந்தால் பஞ்சு அடைத்துக் கிடக்கும். வெட்கம்தான் எனக்கு ரிப்பேர் கற்றுக்கொடுத்தது.

இந்த மிஷினுக்கும் கீழே ஒரு மூடி இருக்க வேண்டும். வந்த நாளிலிருந்து நான் அதன் ஒரு பொத்தானைக்கூடத் தொட்டதில்லை. அவளுடைய பொருள் என்று ஒரு தயக்கம். இப்போது தரையில் படுத்துப் பார்த்தேன். வலது கோடியில் உள்ளங்கை அளவில் ஒரு சின்னக் கதவு. கத்தரிக்கோலின் முனையால் நெம்பினேன், திறந்துகொண்டது. உள்ளே மரை போட்ட ஒரு மூடி, பிடித்துத் திருக ஒரு பிடி. பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாய், நுனியில் அடைப்பு.

முதலில் அந்தக் குழாயை இழுத்து அடைப்பை எடுத்தேன். தாம்பாளத்தில் தண்ணீர் கொட்டியது. நிறைந்ததும் அடைப்பை வைத்துவிட்டு பவித்ரா பக்கெட்டில் ஊற்றுவாள். மறுபடி திறப்பேன். கண்ணாடிக்குள் தண்ணீர் மெல்ல இறங்கியது. துணிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்தன, தூக்கம் வந்த குழந்தைகள் மாதிரி.

நடுவில் அடைப்பு என் கையை விட்டு உருண்டு போய்விட்டது. தாம்பாளம் வழிந்து, பால்கனித் தூம்பு வழியாகக் கீழே முற்றத்தில் கொட்ட ஆரம்பித்தது.

"விஜயா!" கீழ் வீட்டு மாமியின் குரல். வீட்டுக்கு உரிமைக்காரர். "என்னம்மா அது, மேலேந்து பிரளயம் மாதிரி ஜலம் கொட்டறது? என் மடித்துணி கொடியில இருக்கு. ஒரு சொட்டுப் பட்டாலும் நான் திரும்ப நனைச்சு உலர்த்தணும். அதைக் கட்டிண்டுதான் நான் பெருமாளுக்குத் தளிகை சமைக்கணும்!"

"மிஷின் ரிப்பேர் மாமி!" என்று பவித்ரா கத்தினாள். "அத்தை சரி பண்றாங்க!"

மாமி முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"யாரு, விஜயாவா? வாயே திறக்கமாட்டாளே, மிஷினைத் திறந்துட்டாளா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பவித்ராவும் சிரித்தாள். படுத்துக்கொண்டே சிரித்ததில் மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது.

குழாயில் தண்ணீர் நின்றபிறகு மூடியைத் திருகினேன். இறுக்கமாக இருந்தது. பழைய துணியைச் சுற்றிக்கொண்டு திருகினால் மெல்லத் தளர்ந்தது. வெளியே இழுத்தேன். பஞ்சு, நூல், ஒரு ஹேர்பின், சட்டைப் பொத்தான் ஒன்று. எல்லாம் சேறு மாதிரி. ஆனால் நான் தேடியது அதில் இல்லை.

"டார்ச் அடி" என்றேன். பவித்ரா போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். அந்தத் துவாரத்தின் கடைசியில் சின்ன விசிறி ஒன்று தெரிந்தது. அதன் இரண்டு இறக்கைகளுக்கு நடுவே மஞ்சளாக எதுவோ சொருகிக்கொண்டிருந்தது.

தையல் பெட்டியிலிருந்து இடுக்கியை எடுத்து உள்ளே விட்டேன். கொஞ்ச நேரம் கை அப்படியே நின்றது. வெளியே எடுத்தால் விசிறி சுற்றும், கதவு திறக்கும், அவள் போவாள். எடுக்காமல் கையை வெளியே இழுத்து "வரமாட்டேங்குதும்மா" என்று சொன்னாலும் அவள் நம்புவாள். அவளுடைய மூச்சு என் தோளில் பட்டது.

மஞ்சள் துணியின் நுனியைக் கவ்வி மெதுவாக இழுத்தேன். வந்தது. முடிச்சு ஒரு பக்கம் அவிழ்ந்து, காசு பாதி வெளியே தெரிந்தது. விரலை விட்டு விசிறியைத் தட்டினேன். லேசாகச் சுற்றியது.

"ஐயோ, இது வேண்டுதல் காசுல்ல?" பவித்ரா பதறிவிட்டாள். "உங்களோடதா? உறைக்குள்ள இருந்ததா? நான் பாக்காம சோப்புத் தண்ணியில போட்டுட்டேனே அத்தை! சாமி கோச்சுக்குமா?"

"மஞ்சள் போகல பாரு" என்றேன். "கோச்சுக்காது."

மூடியைக் கழுவித் திரும்ப மாட்டினேன். பிளக்கைச் சொருகி, பிழிகிற பொத்தானை அவளே அழுத்தினாள். மீதித் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. உருளை முதலில் தயங்கித் தயங்கி, பிறகு வேகமாகச் சுற்றியது. நாங்கள் இரண்டு பேரும் நனைந்த சேலையோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அது பாடியது. கதவுக்குள் டக் என்று ஒரு சத்தம்.

"பாடிருச்சு" என்று சொன்னது நான்தான்.

ஒரு போன்

அவள் துணிகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது நான் செந்திலுக்குப் போன் செய்தேன். எண்ணை இரண்டு முறை அழுத்தி, இரண்டு முறையும் நிறுத்திவிட்டேன். பெற்ற பிள்ளைக்குப் போன் செய்யவும் எனக்கு அப்படித்தான்.

"அம்மா? என்னம்மா, உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்றுதான் எடுத்தான்.

"வாஷிங் மிஷின் நின்னுபோச்சு. நானே சரி பண்ணிட்டேன்."

"நீயா?" சிரித்தான்.

"சிரிக்காதடா. மிஷினை ரிப்பேர் பண்ணத் தெரிஞ்சவளுக்குத் தனியா இருக்கத் தெரியாதா?"

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"பவி ஆடிக்கு ஊருக்குப் போறா. ஆவணி பொறந்ததும் நீ மண்ணச்சநல்லூர் போய்க் கூட்டிக்க. அப்படியே மெட்ராஸ் போயிருங்க. இங்க கொண்டாந்து விடாத. ஒரு மாசம் இருக்கு, அதுக்குள்ள வீடு பாரு."

"அம்மா, நீ தனியா..."

"கீழ மாமி இருக்காங்க. நாள் பூரா சத்தம் போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. எனக்கு என்ன?"

கடைசியில் "சரிம்மா" என்றான். அவ்வளவு பேச்சை நான் ஒரே மூச்சில் பேசியது அவனுக்கும் புதிது, எனக்கும் புதிது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பவித்ரா கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பச்சைச் சேலை காற்றில் எழும்பி அவள் முகத்தை மூடியது. அவள் அதை விலக்கவில்லை.

சமயபுரத்தில்

மறுநாள் காலை நானும் அவளோடு பஸ் ஏறினேன். காசைப் புது மஞ்சள் துணியில் முடிந்து கையிலேயே வைத்திருந்தேன். கொள்ளிடம் பாலத்தில் ஜன்னல் வழியாகக் காற்று வந்து எங்கள் இரண்டு பேர் தலையையும் ஒரே மாதிரிக் கலைத்தது. டோல்கேட் நிறுத்தத்தில் இறங்கி வேறு பஸ் மாறினோம்.

கோயிலில் ஆடிக் கூட்டம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. வேப்பிலை வாசனையும் கற்பூரப் புகையும். உண்டியலில் காசைப் போட்டேன்.

"என்ன வேண்டுதல் அத்தை?" என்றாள். கேட்பாள் என்று தெரியும்.

"நடந்துருச்சும்மா" என்றேன்.

வெளியே மண்ணச்சநல்லூர் போகிற ஷேர் ஆட்டோவில் பெட்டியை ஏற்றிவிட்டேன். உட்கார்ந்தவள், திரும்ப இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிஷின் அங்கேயே இருக்கட்டும் அத்தை. எனக்கு அதைத் திறக்கத் தெரியாது" என்றாள். ஆட்டோ கிளம்பியபிறகும் அவள் எதையோ சொல்லிக்கொண்டேதான் போனாள். எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி சிரிப்பது மட்டும் தெரிந்தது.

நான் வீட்டுக்குத் திரும்பும்போது உச்சி வெயில். பால்கனிக் கொடியில் அவளுடைய துணிகள் இல்லை. என் பூப்போட்ட தலையணை உறை மட்டும் முதல் நாளிலிருந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து, பழக்கத்தில் உள்ளே கையை விட்டுத் துழாவினேன்.

உள்ளே காசு இல்லை, வெயிலின் சூடு மட்டும் இருந்தது.